புளிக்கு வயசு உண்டு

போன வாரம் பரணில் இருந்த பழைய பீங்கான் ஜாடியை இறக்கினேன். வாயைக் கட்டியிருந்த வேட்டித் துணியை அவிழ்த்ததும் எட்டிப் பார்த்த என் மகள், "அம்மா, இது கெட்டுப்போச்சு, கருகருன்னு இருக்கு பாரு, கொட்டிடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அது மூன்று வருஷத்துப் புளி. வத்தக்குழம்புக்கென்றே எடுத்து வைத்தது. அவள் நன்றாகச் சாப்பிடுகிற பெண், ஓரளவு சமைக்கவும் செய்வாள், ஆனால் அவளுக்குப் புளி என்றால் அரைக் கிலோ பாக்கெட்டில் வருகிற பழுப்புக் கட்டி, அவ்வளவுதான். அதற்குப் பூ, பிஞ்சு, காய், பழம் என்று பருவங்கள் இருப்பதும், பறித்த பிறகும் வயசு ஏறிக்கொண்டே போவதும், ஒவ்வொரு வயசுக்கும் ஒரு சமையல் இருப்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தப்பு அவள்மேல் இல்லை, நான் சொல்லித் தரவில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆயா வீடு தருமபுரி பக்கம். அந்தப் பக்கமும் கிருஷ்ணகிரிப் பக்கமும் புளிக்குப் பேர் போன இடங்கள். மாசி பாதியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். மாமா மரத்தில் ஏறி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிளையைக் காலால் மிதித்து உலுக்குவார், எட்டாததைத் துறட்டியால் இழுப்பார். கீழே சாக்கு விரித்து நாங்கள் பொறுக்குவோம். முருங்கையில் அப்படி ஏறினால் கிளையோடு கீழே வரவேண்டியதுதான். புளிய மரத்தில் விரல் தடிமன் கிளைகூட வளையுமே தவிர லேசில் முறியாது. 'நல்ல புளியங்கொம்பாப் பிடிச்சுட்டான்' என்று கல்யாண வீட்டில் பேசிக்கொள்வதற்குப் பின்னால் இருக்கிற கொம்பு இதுதான்.

பொறுக்கியதை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் ஓடு மொறுமொறுவென்று ஆகிவிடும். காயாக இருக்கும்போது தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு உரிக்கவே வராது, பழுக்கப் பழுக்க உள்ளே சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகிவிடும், ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும். வீட்டிலேயே இருந்தும் எதிலும் ஒட்டாமல் இருக்கிறவரை 'ஓடும் புளியம்பழமும் மாதிரி' என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பழம் கிடையாது. ஓட்டைத் தட்டி எடுத்து, மேலே பின்னிக்கொண்டிருக்கிற நாரை ஒரே இழுப்பில் உருவி, அப்புறம்தான் பெரிய வேலை, கொட்டை எடுப்பது. ஆயா ஒரு தட்டைக் கல்லை முன்னால் போட்டு உட்கார்ந்து, இடது கையால் புளியை நிற்கவைத்துப் பிடித்து, வலது கையில் சின்ன இரும்புத் துண்டால் முதுகில் 'டொக்' என்று ஒரு தட்டு. சதை பிளந்து கொட்டை பிதுங்கி வெளியே வரும். இடையில் விரலைத் திருப்பிப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னால் அந்த வேகத்துக்கு இன்றைக்கு வரைக்கும் முடிந்ததில்லை. இரண்டு மணி நேரம் தட்டினால் நகக்கண்ணில் புளிப்பு ஏறி எரிய ஆரம்பிக்கும், சின்னக் கீறல் இருந்தால் சொல்லவே வேண்டாம். கூலிக்குப் புளி தட்டுகிற பெண்கள் மாதக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். கடையில் கொட்டைப்புளிக்கும் கொட்டை எடுத்த புளிக்கும் விலை வித்தியாசம் ஏன் என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம்.

கொட்டை எடுத்ததை மறுபடி ஒரு வெயில் காட்டி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு தூவிப் பிசைந்து, உருண்டை பிடித்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்து வைப்போம். அடைக்கும் அன்றைக்குச் செம்பழுப்பாக இருக்கும். ஆடி, ஆவணிக்குள் நல்ல பழுப்பு. அடுத்த வருஷம் காப்பிக்கொட்டை நிறம். மூன்றாவது வருஷம் கரி. அது கெட்டதல்ல. புளியில் சர்க்கரை ஏராளம், அந்தச் சர்க்கரையும் அதிலிருக்கிற அமினோ அமிலங்களும் மெதுவாகச் சேர்ந்து கருக்கின்றன. ரொட்டி சுடும்போது மேல்தோல் சிவக்கிறதே, அதே வேதியியல்தான், அடுப்பில்லாமல் மாதக்கணக்கில் நடக்கிறது. பூஞ்சை பிடித்தால்தான் கெட்டது. பூஞ்சை என்றால் வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்து வாடை அடிக்கும், அதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

புளியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. மாம்பழமோ கொய்யாவோ பழுக்கும்போது புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். புளியில் புளிப்பைத் தருகிற டார்டாரிக் அமிலம் பழுத்தாலும் குறைவதில்லை, அப்படியே நிற்கிறது, சர்க்கரை மட்டும் வந்து சேர்கிறது. அதனால்தான் பழுத்த புளியில் பல் கூசுகிற புளிப்பும் வெல்லம் மாதிரி இனிப்பும் ஒரே கடியில் இருக்கின்றன. எலுமிச்சையைக் கொதிக்கவிட்டால் கசப்புத் தட்டி மணமும் போய்விடும், அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். புளியை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதன் புளிப்பு மாறாது, பச்சை வாசனை மட்டும் போகும். நம் குழம்புகள் எல்லாம் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கின்றன.

சரி, வயசுக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் துளிர்க்கிற கொழுந்து இலை முதல் வயசு. இளஞ்சிவப்பும் பச்சையுமாக, வாயில் போட்டால் இதமான புளிப்பு. துவரம்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் தனியாகப் புளி ஊற்ற வேண்டியதில்லை. ஆந்திரப் பக்கத்தில் இதைக் கொண்டாடிச் சாப்பிடுகிறார்கள், நம் ஊரில் மறந்துகொண்டு வருகிறோம். பூவையும் விடுவதில்லை. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட சின்னப் பூ, பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைகள் உருவித் தின்பார்கள்.

அப்புறம் பிஞ்சும் காயும். கொட்டை முற்றாத பச்சைக் காயை உப்பு, மஞ்சள்தூள், பச்சை மிளகாயோடு உரலில் இடித்து நாரை எடுத்துவிட்டு வைத்தால் அது ஒரு தொக்கு, பழைய சோற்றுக்கு அதைப்போல வேறில்லை. இடிக்கும்போதே வாயில் எச்சில் ஊறும், எழுதும்போதும் ஊறுகிறது. காய்க்கும் பழத்துக்கும் நடுவில் செங்காய் என்று ஒரு பருவம் உண்டு. ஓடு கழன்றுவரும், சதை பச்சையும் பழுப்புமாக மாவுபோல இருக்கும், புளிப்பும் இனிப்பும் சரிபாதி. இது கடைக்கு வரவே வராது. மரத்துக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு மட்டும்தான்.

புதுப்புளிக்கு என் முதல் ஓட்டு பச்சைப்புளி ரசத்துக்கு. அடுப்பே கிடையாது. எலுமிச்சை அளவு புதுப்புளியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், தணலில் சுட்ட இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, எல்லாவற்றையும் கல்லுப்போடு சேர்த்துக் கையாலேயே நன்றாக நசுக்கிப் பிசைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் வெங்காயம் கசந்துவிடும், தயவுசெய்து கையால் செய்யுங்கள். அதில் புளித்தண்ணீரை ஊற்றி, நெல்லிக்காய் அளவு வெல்லம் கரைத்து, தேவையான தண்ணீர் விட்டால் முடிந்தது. ஆயா இதைக் களிக்கும் ஊற்றுவார், பருப்புச் சோற்றுக்கும் ஊற்றுவார். இதைப் பழம்புளியில் செய்தால் வராது, கறுத்துக் கனத்துப்போய்விடும். புதுப்புளியின் அந்த இளம் பழ வாசனைதான் இந்த ரசமே. பானகத்துக்கும் அப்படித்தான். புளி, வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கரைக்கிற பானகத்துக்கு அந்த வருஷத்துப் புளிதான் பொருத்தம்.

வத்தக்குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் வயசான புளி. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த பழம்புளியை ஊற்றி, சிறு தீயில் எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் பொறுமையாக விட வேண்டும். கரண்டியால் தள்ளினால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்து அப்புறம் மூட வேண்டும், அதுதான் பதம். அமிலமும் உப்பும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் கிருமிகள் எளிதில் அண்டாது. குளிர்ப்பெட்டி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருப்பதிக்கும் பழனிக்கும் போனவர்கள் இதை நம்பித்தான் போனார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் முடிந்து மெல்லப் புளி சேர்க்க ஆரம்பிக்கும்போதும் ஆயா பழைய பானையைத்தான் திறப்பார். புதுப்புளி உடம்புக்குச் சூடு, பழம்புளி சாது என்பது அவர் கணக்கு.

மீன்குழம்புக்கு நான் இரண்டையும் கலப்பேன். மீனின் கவுச்சி வாடைக்குக் காரணம் அமீன் வகைப் பொருட்கள், அவை காரத்தன்மை உடையவை, புளியின் அமிலம் அவற்றைப் பிணைத்துவிடுவதால் காற்றில் எழும்பி மூக்குக்கு வருவதில்லை. மறுநாள் மீன்குழம்பு ருசிப்பதற்கு மண்சட்டியைப் போலவே புளிக்கும் பங்கு உண்டு.

இங்கே புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு ஒன்று. பருப்பும் காயும் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும். அமிலம் காய்களின் செல்சுவரைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முன்னாடியே ஊற்றிவிட்டால் பருப்பு அரை மணி நேரம் ஆனாலும் குழையாது. எங்கள் தெருவில் ஒரு புதுப்பெண் குக்கர் கெட்டுவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னாள், போய்ப் பார்த்தால் பருப்போடு புளியையும் சேர்த்துப் போட்டு விசில் விட்டுக்கொண்டிருந்தாள். இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். வெண்டைக்காய் குழம்பில் காய் உடையாமல் முழுசாக இருக்க வேண்டுமென்றால் வதக்கியதும் புளியை ஊற்றிவிடுங்கள், கொழகொழப்பும் அடங்கும். சேனை, சேப்பங்கிழங்கு நாக்கில் அரிப்பதற்கு அவற்றிலிருக்கிற ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் காரணம், புளித்தண்ணீரில் வேகவைக்கிற பழக்கம் அந்த அரிப்புக்காக வந்ததுதான்.

பாத்திரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, அமிலம் செம்பைக் கரைத்துக் குழம்பில் இறக்கிவிடும், களிம்பு என்று பெரியவர்கள் பயந்தது அதைத்தான். சமையலில் ஆபத்தான அந்தக் குணம் விளக்குத் துலக்கும்போது உபயோகமாகிறது. குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையை எங்கள் வீட்டில் எறிவதில்லை, உப்புத் தொட்டுக் குத்துவிளக்கில் தேய்த்தால் கறுப்புப் படலம் கரைந்து உள்ளே இருக்கிற பொன் நிறம் வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் எத்தனையோ வீட்டில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள்.

சுளுக்குக்குப் பற்றுப் போடுவதும் உண்டு. புளியைக் கெட்டியாகக் கரைத்து உப்புச் சேர்த்துக் கொதிக்கவைத்து, பொறுக்கிற சூட்டில் வீக்கத்தின் மேல் தடவுவார்கள். காய்ந்து இறுகும்போது ஒரு கட்டுப்போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். எனக்குக் கணுக்காலில் இரண்டு முறை போட்டிருக்கிறார்கள், இதமாகத்தான் இருந்தது. ஆனால் எலும்பு முறிவோ என்று சந்தேகம் இருந்தால் பற்றை நம்பி உட்காராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

நடுவில் ஒரு இலக்கண விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்ததால் சொல்கிறேன். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். அரபு வணிகர்கள் இதை இந்தியாவின் பேரீச்சை என்ற பொருளில் 'தமர் ஹிந்தி' என்றார்கள், 1753-இல் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரும் அதிலிருந்து வந்ததுதான், டாமரிண்டஸ் இண்டிகா. ஆனால் வெளியூர் மரம் என்று சொல்ல வாய் வராத அளவுக்கு அது நம் மொழிக்குள் வேர்விட்டிருக்கிறது. தொல்காப்பியத்தில் இந்த ஒரு சொல்லுக்கென்றே தனி விதி இருக்கிறது. புளி என்பது மரத்தைக் குறித்தால் 'அம்' சாரியை வரும், அதனால்தான் புளியங்கொம்பு, புளியங்காய், புளியங்கொட்டை. சுவையைக் குறித்தால் மெல்லெழுத்து மிகும், புளிங்கூழ் என்பது போல. வல்லெழுத்து வந்தாலும் குற்றமில்லை என்று அடுத்த விதியே இடம் கொடுக்கிறது. நாம் புளிக்குழம்பு என்கிறோம், கேரளத்தில் இன்றைக்கும் புளிங்கறி என்கிறார்கள். இரண்டு அடுப்படிகளும் அந்த இரண்டு விதிகளைத் தெரியாமலேயே கடைப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

மரத்தைப் பற்றிப் பேசினால் ஆழ்வார்திருநகரியை விட முடியாது. தாமிரபரணிக் கரையில், நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகப் போற்றப்படுகிற புளிய மரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. உறங்காப்புளி என்று பெயர். சாதாரணப் புளிய மரத்தின் இலைகள் பொழுது சாய்ந்ததும் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும், இதை நீங்களே எந்த மரத்திலும் பார்க்கலாம். அந்த மரத்தின் இலைகள் இரவிலும் மூடுவதில்லை என்பது நம்பிக்கை, பெயர் அதனால் வந்தது. புளிய இலை ராத்திரி தூங்குவதைக் கூர்ந்து பார்த்த ஊரில்தானே இப்படி ஒரு பெயர் பிறக்க முடியும்.

கொட்டையை மறந்துவிட்டேன். தட்டி எடுத்த கொட்டையை நாங்கள் பல்லாங்குழிக்கும், ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கித் தாயத்துக்கும் வைத்துக்கொள்வோம். வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்துத் தின்பதும் உண்டு, கடவாய்ப்பல் உறுதியாக இருக்க வேண்டும். விற்றால் அதற்கும் காசு, ஏனென்றால் அதன் பருப்பை அரைத்த மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சி போடவும் சணல் ஆலைகளிலும் பயன்படுகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டவும் புளியங்கொட்டைப் பசைதான் பழைய முறை. கண் வறட்சிக்குப் போடுகிற சொட்டு மருந்துகள் சிலவற்றில்கூட இந்தக் கொட்டையின் பசைப்பொருள் இருக்கிறது.

சாலையோரப் புளிய மரங்களைத்தான் நினைத்தால் மனசு கனக்கிறது. சின்ன வயசில் பஸ்ஸில் போனால் மைல் கணக்கில் இரண்டு பக்கமும் கிளை கோத்துக் குகை மாதிரி இருக்கும், மே மாதத்திலும் உள்ளே வெயில் இறங்காது. வருஷா வருஷம் அந்த மரங்களின் மகசூலை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர் குடும்பத்தோடு வந்து தங்கி உலுக்கிப் போவார். நாலு வழிச்சாலைக்காக அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வெட்டியதற்குப் பதிலாக நட்டது அரளியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 போல ஒட்டுக்கட்டிய ரகங்கள் நாலு வருஷத்திலேயே காய்க்க ஆரம்பிக்கின்றன. நிழலும் தரும், காயும் தரும், நூறு வருஷம் நிற்கும். அதை நடக் கூடாதா?

பாட்டிலில் வருகிற புளி பேஸ்ட் பற்றி மகள் கேட்டாள். அவசரத்துக்கு வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அதில் எது புதுசு எது பழசு என்று தெரியாது, எல்லாக் குழம்பும் ஒரே குழம்பாகிவிடும். கடைப் புளியே வாங்கினாலும் போதும், மாசி பங்குனியில் நாலு கிலோ வாங்கி, மண், நார், ஓட்டுத் துண்டு பார்த்து எடுத்து, ஒரு வெயில் காட்டி, உப்புப் போட்டு இரண்டு ஜாடியாகப் பிரித்து வையுங்கள். ஒன்றை உடனே புழங்குங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். ஈரக் கையும் ஈரக் கரண்டியும் மட்டும் அதில் படக் கூடாது.

கொட்ட நினைத்த அந்தக் கறுத்த புளியில் அன்றைக்கே சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்தேன். மகள் தட்டில் இருந்த அப்பளத்தை ஒடித்துச் சட்டியின் ஓரத்தை வழித்துத் தின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே இந்த வருஷத்துப் புளிக்கு உப்புப் போட்டுப் பிசைந்து அடைத்தாள். விரலெல்லாம் எரிகிறது என்று ஊதிக்கொண்டே ஜாடியில் ஒரு காகிதம் ஒட்டி, மாதமும் வருஷமும் எழுதி, கீழே பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறாள்.